வடு வாங்கப் போன வழி: கடவூரிலிருந்து வேதாரண்யம் வரை ஆறு நாள்

முதல் நாள், மார்ச் 18, கடவூர்

காலை ஐந்தே முக்காலுக்குத் திருச்சியில் பஸ் ஏறினோம், நானும் பெரியம்மாவும். மணப்பாறையில் இறங்கி ஒரு காபி, பெரியம்மா முறுக்கு இரண்டு பாக்கெட் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், அங்கிருந்து தரகம்பட்டி வழியாகக் கடவூர். பெரியம்மாவுக்கு 71 வயது. அவருடைய பையில் துணியைவிடச் சாமான்தான் அதிகம்: மூடி போட்ட பெரிய வெள்ளை டப்பா, இரண்டு கிலோ கல்லுப்பு, சின்ன பாட்டிலில் விளக்கெண்ணெய், மஞ்சள் தூள், வேடு கட்ட ஒரு வெள்ளைத் துணி. எல்லாம் மாவடுவுக்காக.

மாவடுவுக்காகவா இவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். போன வருஷம் எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் நாலு கிலோ வடு வாங்கினோம். ஒரே சீராக, பளபளவென்று இருந்தது. வழக்கம்போலத்தான் பெரியம்மா போட்டார். மூன்று வாரத்தில் தோல் கூழாகிவிட்டது, ஜாடியைத் திறந்தால் மாங்காய் மணத்துக்குப் பதிலாக வேறு ஏதோ வாடை. மொத்தத்தையும் தென்னை மரத்தடியில் கொட்டினோம். ஐம்பது வருஷமாக வடு போடுகிறவர், ஒரு தடவைகூடக் கெட்டதில்லை, அன்றைக்கு முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, அடிபட்ட காயாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அது எந்த மரத்துக் காய், அந்த மரத்துக்கு என்ன அடித்தார்கள் என்று எங்களுக்கு எதுவுமே தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த வருஷம் மரத்தைப் பார்த்துத்தான் வாங்குவது என்று பெரியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 44 வயதில் எனக்கு ரத்த அழுத்தம் வந்திருக்கிறது, டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது ஊறுகாயை. நான் தயிர் சாதமும் மாவடுவும் தின்று வளர்ந்தவள். அதை அப்படியே விட்டுவிடுவதா, அல்லது அதற்கு உரிய இடத்தில் வைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் விளைகிற இடம், ஊறுகிற இடம், உப்பு எடுக்கிற இடம் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கடவூர் ஒரு கிண்ணம் மாதிரி, சுற்றிலும் மலை. இந்த மலைக்காடுகளில்தான் தேவாங்கு இருக்கிறது, 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளைச் சேர்த்து இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்கு பூச்சி தின்னும் பிராணி. பூச்சியே இல்லாமல் மருந்தடித்த ஊரில் அதற்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சுருமான்பட்டியில் வானகம். இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் ஐயா கடைசிக் காலத்தில் உருவாக்கிய பண்ணை. 1938-ல் திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். வானம் பார்த்த பூமியில் விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் கொட்டினால் விவசாயிக்குக் கடன்தான் மிஞ்சும் என்று கண்டு வேலையை விட்டு வந்தார். 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில், மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இறந்துபோனார். இங்கேதான் அவரை விதைத்தார்கள், புதைத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார், நானும் நின்றேன். கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டுக்காடு அது, இப்போது மரத்தடி நிழலில் சருகை விலக்கி விரலை விட்டால் பங்குனி வெயிலிலும் உள்ளே ஈரம் தெரிகிறது. மூடாக்கு என்பது இவ்வளவுதான், மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் இலை தழை போட்டு மூடி வைப்பது.

பக்கத்து ஊரில் நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஓர் அண்ணன் எங்களைத் தன் காட்டுக்குக் கூட்டிப்போனார். முருங்கை, துவரை, கொள்ளு, சோளம், பத்துப் பதினைந்து ஆடு. மர நிழலில் 200 லிட்டர் டிரம்மில் மண்ணுக்கு ஊற்றும் ஜீவாமிர்தம் ஊறிக்கொண்டிருந்தது: தண்ணீரில் நாட்டு மாட்டுச் சாணம் பத்துக் கிலோ, கோமியம் பத்து லிட்டர், வெல்லம் இரண்டு கிலோ, பயறு மாவு இரண்டு கிலோ, அந்தக் காட்டு வரப்பு மண் ஒரு கைப்பிடி. தினமும் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் தயார். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஊறல்தானே தம்பி, வாசனையை வச்சே பதம் கண்டுபிடிச்சுடலாம்" என்றார். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார், கெட்டுப்போனால் நாற்றம் வேறு மாதிரி இருக்குமாம். எனக்கு அங்கே ஒன்று புரிந்தது. டிரம்மில் வெல்லம் போட்டு நுண்ணுயிரைப் பெருக விடுகிறோம், ஜாடியில் உப்பைப் போட்டு அதையே பெருக விடாமல் நிறுத்துகிறோம். இரண்டுக்கும் ஊறல் என்றுதான் பெயர்.

மண்ணைச் சரிசெய்ய அவர் முதலில் செய்தது பல தானிய விதைப்பு. தானியத்தில் நாலு, பயறில் நாலு, எண்ணெய் வித்தில் நாலு, மசாலா வகையில் நாலு, தழைச்சத்துச் செடியில் நாலு என்று இருபது விதையைக் கலந்து விதைத்து, பூக்கிற சமயத்தில், ஐம்பது அறுபது நாளில், அப்படியே மடக்கி உழுதுவிடுவது. முதல் இரண்டு வருஷம் விளைச்சல் விழுந்தது, வீட்டில் சண்டை, மனைவி நகையை வைத்துத்தான் சமாளித்தேன் என்றார். இதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. இயற்கை விவசாயம் என்றால் முதல் நாளே பொன் விளையும் என்று பேசுகிறவர்களை நம்பி இறங்கி நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷத்தைத் தாங்க யாராவது கைகொடுத்தால் இன்னும் எத்தனையோ பேர் மாறுவார்கள்.

இரண்டாம் நாள், மார்ச் 19, நத்தம்

திண்டுக்கல் வந்து நத்தம் பஸ். நத்தம் சுற்று வட்டாரம் முழுக்க மாந்தோப்பு. பங்குனி வெயிலில் சாலை ஓரம் எல்லாம் பிஞ்சு தொங்குகிறது.

நாங்கள் போன தோப்பில் பெரும்பாலும் நாட்டு மரங்கள், சில மரங்களை இரண்டு பேர் சேர்ந்துதான் கட்டிப்பிடிக்க முடியும். தோப்புக்காரர் ஒரு வயதானவர், மகனும் மருமகளும் கூட நிற்கிறார்கள். மாமரத்தில் பூக்கிற பூவில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுக்கும்வரை நிற்பதில்லை, மரமே பெரும்பகுதியை உதிர்த்துவிடும். ஆனால் உதிர்ந்த வடு ஊறுகாய்க்கு ஆகாது. தரையில் விழுந்து அடிபட்டால் அந்த இடம்தான் முதலில் கொழகொழவென்று ஆகும். மரத்தில் ஏறி, காம்போடு கிள்ளி, பையில் போட்டுத்தான் இறக்க வேண்டும், காம்பு போனால் பால் வடிந்து மணமும் போய்விடும். மகன் அப்படித்தான் இறக்கினார், ஒன்றைக்கூட மேலிருந்து வீசவில்லை. பெரியம்மா கீழே துண்டு விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தார், ஆறு கிலோ பொறுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கிலோ 140 ரூபாய், பேரம் பேசவில்லை.

மருந்து பற்றிக் கேட்டேன். பல தோப்புகளில் சீசனுக்கு முன்னாலேயே பூ எடுக்க வேண்டும் என்று பாக்லோபுட்ரசால் என்ற, மரத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தை வேரில் ஊற்றுகிறார்கள், அது மண்ணில் நீண்ட நாள் தங்கக்கூடியது. பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு ஒரு மருந்து, சாம்பல் நோய்க்கு ஒரு மருந்து, பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது திரும்ப ஒரு முறை. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்தத் தோப்பில் வேப்பங்கொட்டைக் கரைசலும், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் அரைத்த கரைசலும்தான். பூ நிற்பதற்குத் தேமோர்க் கரைசல், அதாவது தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து ஒரு வாரம் புளிக்க வைத்துத் தண்ணீரில் கலந்து தெளிப்பது. எல்லா வருஷமும் தத்துப்பூச்சி கட்டுக்குள் வருவதில்லை, போன வருஷம் பாதிப் பூ கருகிவிட்டது என்று மருமகள் சொன்னார்.

இந்தத் தோப்பில் உட்கார்ந்து வடுவைப் பொறுக்கும்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது என்ன என்று தெளிவானது. மாம்பழம் என்றால் தோலை உரித்துவிடுகிறோம். பூ எடுத்து மூன்று, நாலு மாதம் கழித்துத்தான் அது கைக்கு வருகிறது. கத்தரிக்காயை வேகவைக்கிறோம். ஆனால் மாவடு? மருந்தடித்த சில வாரத்திலேயே பறிக்கிற பிஞ்சு அது. தோலோடு, உள்ளே இருக்கும் இளங்கொட்டையோடு, வேகாமல், தான் விட்ட தண்ணீரிலேயே ஒரு வருஷம் ஊறி நம் தட்டுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரையும் நாம் கொட்டுவதில்லை, சோற்றில் விட்டுப் பிசைகிறோம். எலுமிச்சையும் நார்த்தங்காயும் அதேபோல, தோல்தானே அங்கே ருசி. அப்படியானால் ஒரு வீட்டில் எதையாவது ஒன்றை மட்டும்தான் மருந்தில்லாமல் வாங்க முடியும் என்றால், அரிசிக்கும் காய்க்கும் முன்னால் ஊறுகாய்க்கான காயை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். அளவும் குறைவு, வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்தாறு கிலோ. செலவு கூடினாலும் நூறு இருநூறு ரூபாய்தான் கூடும். பை நிறைய இயற்கை அரிசி வாங்கிவிட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள எங்கேயோ விளைந்த மாங்காயில், கெடாமல் இருக்க பென்சோயேட்டும் அசிட்டிக் அமிலமும் போட்ட பாட்டிலைத் திறப்பவர்கள் நிறையப் பேர், நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ராத்திரி லாட்ஜ் அறையில் வடு போட்டோம். வேதாரண்யம் உப்பில்தான் போட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை, ஆனால் வடு காத்திருக்காது, அதற்காகத்தான் வீட்டிலிருந்தே உப்பு எடுத்து வந்திருந்தார். கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள் தூள் பிசறி, ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு கல்லுப்பு. அவர் கைக்கணக்கில் போடுகிறவர், எனக்காகக் கடைத் தராசில் நிறுத்தோம், கிலோவுக்கு 150 கிராம் வந்தது. பிளாஸ்டிக் டப்பா என்பது அவருக்கு வருத்தம்தான். "வீட்டுக்குப் போனதும் ஜாடிக்கு மாத்திடணும் அம்மாடி, இது வழிக்கு மட்டும்" என்று மூன்று தடவை சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் வினைத்தொகைக்கு வாத்தியார் சொன்ன உதாரணம் ஊறுகாய். ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய், காலம் மறைந்து நிற்கும் சொல். டப்பாவை மூடும்போது அது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள், மார்ச் 20, பஸ்ஸில்

நாள் முழுக்கப் பயணம். நத்தத்திலிருந்து திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, ராத்திரி எட்டரைக்குத் திருத்துறைப்பூண்டி. டப்பா பெரியம்மா மடியில். பஸ் குலுங்குவதே வடுவுக்கு நல்லது, இல்லையென்றால் நாமே தினம் இரண்டு வேளை குலுக்க வேண்டும். மதியம் திறந்து பார்த்தபோது அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது, நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை, உப்பு காய்க்குள்ளிருந்து இழுத்து வந்தது. இப்படி நீர் வெளியேறி உப்பு உள்ளே போவதால்தான் கெடுக்கிற கிருமிக்கு அங்கே வாழ வழியில்லாமல் போகிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பெரும்பாணாற்றுப்படையில் விருந்தாக வரும் பாணனுக்கு ஒரு வீட்டில் சோற்றோடு என்ன கிடைக்கும் என்று பட்டியல் வருகிறது. மிளகும் கறிவேப்பிலையும் கலந்த மாதுளம்பிஞ்சு, கூடவே "நெடுமரக் கொக்கின் நறுவடி". கொக்கு என்றால் மாமரம், நறுவடி என்றால் மணக்கும் வடு. மிளகாய் நம் ஊருக்கு வராத காலம் அது. பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மிளகு போட்டும் ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்றார்.

நான்காம் நாள், மார்ச் 21, திருத்துறைப்பூண்டி

காலையில் ஆதிரெங்கம் பக்கம் போனோம். இங்கேதான் நெல் ஜெயராமன் 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பது, அடுத்த வருஷம் அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தருவது, அதை இன்னும் இரண்டு பேருக்குக் கொடுப்பது. இப்படியே 174 ரகங்களை மீட்டார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் காட்டுயானம். 2018 டிசம்பர் 6-ல் காலமானார். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான், நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல் இந்த வட்டாரத்தையே புரட்டிப் போட்டிருந்தது.

சம்பா அறுத்து முடிந்துவிட்டது. வயல் முழுக்க உளுந்து, காய் கறுக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு இந்தப் பயணத்திலேயே அதிகம் பிடித்தது இந்த உளுந்துதான். தை மாதம், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். உழவு கிடையாது, எரு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் முளைத்து, நெல்லை அறுத்ததும் வெளிச்சம் கண்டு எழுந்துவிடுகிறது. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைத்துவிட்டும் போகிறது. ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா நெல் நிற்கும்போதே பார்லியையும் கிளோவரையும் தெளித்து உழாத வேளாண்மை என்று உலகத்துக்குக் காட்டினார், அவரைப் படித்து வியந்தவள் நான். என் அம்மா ஊர்ப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக அது நடந்துகொண்டிருப்பதை இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது இதற்கும் கஷ்டம் வந்திருக்கிறது. ஆள் அறுத்த காலத்தில் உளுந்து நாற்று பிழைத்தது, அறுவடை இயந்திரத்தின் சக்கரம் போன தடத்தில் ஒன்றும் நிற்பதில்லை. வயல் நடுவே இரண்டு வெறும் கோடுகளைக் காட்டினார் எங்களைக் கூட்டிப்போன விவசாயி.

அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. வெயிலுக்குப் பழைய சோறுதான் நல்லது என்று அக்கா மாப்பிள்ளைச் சம்பாப் பழையது போட்டார், சின்ன வெங்காயம், மோர், உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு. ஒரு துண்டு என்றால் சுண்டுவிரல் நகம் அளவு. நான் இன்னொன்று கேட்டேன், அக்கா சிரித்துக்கொண்டே, "தொட்டுக்கத்தான் அது, சோறா?" என்றார்.

தமிழில் ஊறுகாயைச் சாப்பிடுவது என்று யாரும் சொல்வதில்லை, தொட்டுக்கொள்வதுதான். அந்தச் சொல்லிலேயே அளவு இருக்கிறது. ராத்திரி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிலோவுக்கு 150 கிராம் உப்பு என்றால் மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு உப்பு. பத்துக் கிராம் எடையுள்ள ஒரு வடுவில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது ஐந்து கிராமுக்குள். ஒரு வடு என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது, சாம்பாரிலும் ரசத்திலும் பொரியலிலும் இருப்பது தனி. வெயிலில் நாள் முழுக்க வியர்வை சிந்துகிறவருக்கும், மின்விசிறிக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எனக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் வந்தபின் அந்தச் சமாதானத்தையும் நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

ஊறுகாயில் நல்ல பாக்டீரியா இருக்கிறது, வயிற்றுக்கு நல்லது என்று இப்போது வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது. நம் ஊறுகாயில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது. இவ்வளவு உப்பிலும், காய்ச்சி ஊற்றின எண்ணெயிலும் அந்த நுண்ணுயிர்கள் பெரிதாக வளராது. அவை இருப்பது பழைய சோற்றில், மோரில். அதே மாதிரி 1993-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆசியாவின் மரபுவழி ஊறுகாய்க் காய்கறிகளைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று 2பி பட்டியலில் வைத்தது. அந்த ஆதாரம் கிழக்காசியாவில், தினமும் தட்டு நிறையச் சாப்பிடுகிற ஊர்களிலிருந்து வந்தது, நம் நார்த்தங்காய்த் துண்டை வைத்து அல்ல. ஆனாலும் அளவைக் குறை என்று அதிலிருந்து எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மருந்து என்றும் சொல்ல வேண்டாம், விஷம் என்றும் சொல்ல வேண்டாம். காய் இல்லாத மாதத்துக்காகக் காய் கொழித்த மாதத்தில் எடுத்து வைத்தது, அவ்வளவுதான்.

பெரியம்மா டப்பாவைத் திறந்து காட்டினார். வடு பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், தோலில் முதல் சுருக்கம்.

ஐந்தாம் நாள், மார்ச் 22, வேதாரண்யம்

1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி நூறு பேரைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக 28-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார், 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். நாங்களும் திருச்சியிலிருந்து வந்தவர்கள் என்பதால் நினைவுத்தூணின் முன் நிற்கும்போது ஒரு நெருக்கம். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். சின்ன வயதில் பெரியம்மா இதைத் தன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார், இன்றைக்கு எனக்கு அவரே சொன்னார். புளிச்சோறாகத்தான் இருந்திருக்கும், கூட ஊறுகாய் வைத்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறார்.

உப்பளம் காலை ஒன்பது மணிக்கே கண்ணைக் கூசுகிறது. உவர்நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கு விட்டு, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. நீண்ட கம்பில் பலகை பொருத்தி இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். வேலை செய்யும் பெண்களில் ஒருவர் காலைக் காட்டினார், பாதம் முழுக்க வெடிப்பு. மழை தொடங்கினால் வேலை கிடையாது, அந்த மாதங்களில் கடன்தான். நான் விவசாயி மருந்தில்லாமல் விளைவித்ததைத் தேடிப் போகிறேன், அதே ஊறுகாயில் இருக்கும் உப்பை எடுத்தவருடைய காலைப் பற்றி இன்றுவரை யோசித்ததில்லை.

பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து புது உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். புது உப்பு கசக்கும். கடல்நீரில் உப்போடு மக்னீசியம் சேர்ந்தே வருகிறது, குவியலாகச் சில மாதம் கிடந்தால் காற்றின் ஈரத்தில் அது கரைந்து வடிந்துவிடும், கசப்பு போய்விடும். போன வருஷத்துக் குவியலிலிருந்து ஐந்து கிலோ கேட்டு வாங்கினார், அடுத்த வருஷ வடுவுக்காம். ஊறுகாய்க்கு இந்த உப்பு சரி, ஆனால் அன்றாடச் சமையலுக்கு எங்கள் வீட்டில் அயோடின் உப்புதான். இயற்கை என்ற பெயரில் அயோடினை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழுத்துக் கழலையோடு இருந்தவர்களை பெரியம்மாவே சின்ன வயதில் பார்த்திருக்கிறார்.

திரும்பும் வழியில் மணல் மேட்டுத் தோப்பு ஒன்றில் நின்றோம். கஜாவில் விழுந்த மாமரங்களின் அடிக்கட்டை இன்னும் கிடக்கிறது. நடுவே நட்ட கன்றுகள் என் தோள் உயரம், இரண்டு மூன்று இந்த வருஷம்தான் முதல் பூ விட்டிருக்கிறது. பூவை ஒடித்துவிட்டோம், மரம் தேறட்டும் என்றார் தோப்புக்காரம்மா. முல்லை பறிக்கிற அவசரத்திலும் எங்களுக்கு மோர் கொடுத்தார்.

ஆறாம் நாள், மார்ச் 23, திருச்சி

நள்ளிரவுக்கு மேல் வீடு வந்து சேர்ந்தோம். காலையில் நான் எழுந்து வருவதற்குள் பெரியம்மா ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார். வடு நன்றாகச் சுருங்கிவிட்டது, மேலே மிதந்ததெல்லாம் அடங்கி மூழ்கிக் கிடக்கிறது. ஊறிய தண்ணீரை வடித்து எடுத்து, அதை விட்டே கடுகும் காய்ந்த மிளகாயும் அம்மியில் அரைத்தார். மிக்ஸியில் அரைத்தால் சூடாகிக் கடுகு கசந்துவிடும் என்பார். ஒரு பங்கைத் தனியாக எடுத்து மிளகாய்க்குப் பதில் மிளகு அரைத்துச் சேர்த்தார், சொன்னதை மறக்கவில்லை.

எனக்கென்று அரைக் கிலோ அளவுக்கு ஒரு குட்டி ஜாடி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வடு, அன்றைக்குச் சாதத்தில் உப்பு கிடையாது, இது நானும் அவரும் பேசி வைத்துக்கொண்டது. அடுத்த மாதம் டாக்டரிடம் போகும்போது இந்தக் கணக்கையும் அவரிடம் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

வேடு கட்டியாயிற்று. சுவரில் தேதி எழுதிவிட்டு, சித்திரை முடியும் வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார் பெரியம்மா.